வாய்க்கால் பாடு

பானைக்குள் போட்ட பதினான்கு சிப்பியில் பதின்மூன்று வெளியே வந்துவிட்டது. மிச்சம் இருப்பது யாருடையது என்று தோணிரேவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே! ஊர்ப் பெரியதனக்காரர் தசரதன் பானைக்குள் கையை விட்டு, ஏதோ நூறு சிப்பிக்கு நடுவில் தேடுகிறவர் மாதிரித் துழாவி, அந்த ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினார். மூன்று கோடு, ஒரு புள்ளி. திருவேங்கடத்தின் குறி.

"வாய்க்கால் பாடு திருவேங்கடத்துக்கு" என்று சொல்லிப் பானையைக் கவிழ்த்தார். ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பெண்டாட்டி செல்வம்மாள்தான் எல்லார் முகத்தையும் பார்த்தாள். தப்பித்தோமடா சாமி என்கிற நிம்மதி அத்தனை முகத்திலும் இருந்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, போன வருஷம் அவள் முகத்திலும் அதே நிம்மதிதான் இருந்தது.

தோணிரேவுக்காரர்களுக்குப் பழவேற்காட்டு ஏரி பதினான்கு பாடு, அதாவது வலை கட்டுகிற பதினான்கு இடம். ஒவ்வொரு கார்த்திகை முதல் தேதியும் சிப்பி எடுப்பார்கள். யாருக்கு எந்த இடம் விழுகிறதோ, அடுத்த கார்த்திகை வரை அங்கேதான் கழி நட்டு வலை கட்ட வேண்டும். மாற்றிக்கொள்ளக் கூடாது, கூலிக்கு வலை இழுக்கப் போனால் தவிர அடுத்தவன் பாடு பக்கம் எட்டிப் பார்க்கவும் கூடாது. இதனால்தான் அந்த ஊரில் மீனுக்காக மண்டை உடைந்ததில்லை. நல்ல சட்டம்தான். பதினான்கில் ஒன்று செத்த இடமாகப் போனதுதான் வினை.

அந்த ஒன்று, பழவேற்காட்டுச் சாயக்காரத் தெருவின் வாய்க்கால் ஏரியில் வந்து விழுகிற இடம். உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், கோட்டை கட்டி உட்கார்ந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. துணிக்குக் கிராக்கி ஏற ஏற, ஐந்து சாயத்தொட்டி இருந்த தெருவில் ஐம்பது வந்துவிட்டது. சாயவேர்ச் சக்கை, துணி வெளுக்கிற சாணித் தண்ணீர், கஞ்சி, எண்ணெய், போதாக்குறைக்குத் தெருவார் வீட்டுக் கழுநீர், எல்லாம் ஒரே வாய்க்காலில் கூடி அங்கே வந்து கொட்டும். ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம். அடியில் கரேல் என்று சேறு. மடவை மீன் வராது, இறால் வராது, வலை கட்டினால் கொழகொழவென்று ஏதோ வரும். அதை உதறிவிட்டு வீட்டுக்கு வந்து படுக்க வேண்டியதுதான்.

அன்று பொழுது சாய்வதற்குள் திருவேங்கடம் ஒரு முடிவோடு வந்தான். முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருக்கிற கப்பல் தைப் பௌர்ணமியன்று கடல் தாண்டி ஜாவாவில் இருக்கிற பத்தாவிக்குப் பாய் விரிக்கிறதாம். கப்பல் வேலைக்கு ஆள் சேர்க்கிற படகோட்டி சின்னப்பனிடம் தன் பேரைச் சொல்லிவிட்டு வந்தானாம். அந்த ஊரிலிருந்து பத்தாவிக்குப் போனவர்கள் நாலு பேர். ஒருவரும் திரும்பி வரவில்லை. போன நால்வரின் பெண்டாட்டிமார் நெற்றியில் பொட்டு வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அழுதால் இவன் கேட்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"தைப் பௌர்ணமி வரிக்கும் பொறுத்துக்கோய்யா. அதுக்குள்ள அந்தத் தண்ணிய இறால் வர்ற தண்ணியா ஆக்கிக் காட்டறேன். ஆவலைன்னா நீ பாட்டுக்கு கப்பல் ஏறு. நான் வாயே தொறக்கமாட்டேன்."

திருவேங்கடம் சிரித்துவிட்டான். "இன்னாமே, சாயத் தண்ணிய வலை போட்டா புடிப்ப?"

"ஆமா, புடிப்பேன்" என்றாள்.

வீம்புக்குச் சொன்னது என்று நினைக்க வேண்டாம். மெய்யாகவே அவள் அதைத்தான் நினைத்தாள். பிறந்ததிலிருந்து வலை முடிகிறவள், தண்ணீரில் இருக்கிற ஒன்றைத் தண்ணீரிலிருந்து பிரிக்க வேண்டுமானால் வேறு எதை நினைப்பாள்? தோணிரேவிலேயே கை வேகமும் வாய் வேகமும் அவளுக்குத்தான் அதிகம். எட்டு நாளில் மூன்று வலை முடித்தாள். முதல் வலை விரல் நுழைகிற கண். இரண்டாவது அதற்கும் சிறுசு. மூன்றாவது கூனி இறால் பிடிக்கிற வலை மாதிரி, ஊசி நுழைந்தால் அதிகம். ஒன்பதாம் நாள் விடியலில் வாய்க்காலுக்குக் குறுக்கே, சாயக்காரர்களின் பெரியவர் உலகநாதன் துணி உலர்த்துகிற களத்துக்குக் கீழே, மூன்றையும் வரிசையாகக் கட்டிவிட்டாள்.

அடடா, முதல் வலையில் விழுந்ததைப் பார்க்க வேண்டுமே! கந்தல், வேர்ச்சக்கை, வாழைமட்டை, யாரோ தொலைத்த செருப்பு. செல்வம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மூன்றாம் வலையின் கண் அடைத்துக்கொண்டது. தண்ணீர் போக வழியில்லை. போக வழியில்லாத தண்ணீர் என்ன செய்யும், ஏறும். ஏறி, கரை தாண்டி, கஞ்சி போட்டு விரித்திருந்த வெள்ளைத் துணிகளின் மேல் சாவகாசமாக நடந்து போயிற்று.

உலகநாதன் நல்ல மனுஷர்தான், ஆனால் கோபம் மூக்குக்கு மேல். சோற்றில் கை வைத்தவர் அப்படியே எழுந்து அரிவாளோடு ஓடி வந்தார். தொட்டிகளில் வேலையை நிறுத்திவிட்டு ஆட்கள் எல்லாரும் பின்னால் வந்தார்கள். யார் கட்டிய வலை இது, எந்த ஊர்க்காரி நீ, என் துணிக்கு யார் பதில் சொல்வது என்று அவர் கத்திய கத்தலில் வாய்க்கால் கரையில் கூட்டம் கூடிவிட்டது. அவர் அரிவாளை ஓங்குவதற்குள் செல்வம்மாள் வாய்க்காலுக்குள் குதித்து வலைக்கு முன்னால் நின்றுகொண்டாள். முழங்கால் தண்ணீர். நின்றவள் நின்றபடியே அசையவில்லை.

வேலை நின்று போனதால் மேலேயிருந்து புதுத் தண்ணீர் வரவில்லை. அரை நாழிகைக்கு மேல் அவர் திட்டிக்கொண்டிருந்தார். அத்தனை நேரமும் அந்தத் தண்ணீர் ஆடாமல் அசையாமல் நின்றிருந்தது.

"அண்ணா, வெட்டாதீங்க" என்றாள். "என் கால் தெரியுது பாருங்க. மெட்டி கூடத் தெரியுது."

உலகநாதன் குனிந்து பார்த்தார். மெய்தான். மேலே ஒரு முழம் தண்ணீர் லேசான சிவப்பு, அவ்வளவுதான். சக்கையும் சாணியும் கஞ்சியும் அடியில் போய் மெத்தையாகப் படிந்திருந்தன. எண்ணெய் தனியாக மேலே மிதந்து வலையோரம் ஒதுங்கியிருந்தது. மூன்று வலை பிடிக்காததைச் சும்மா நின்ற தண்ணீர் பிடித்து வைத்திருந்தது.

அவர் அரிவாளைக் கீழே போட்டார். அவருக்கு இது தெரியாத விஷயமா என்ன? ராத்திரி ஆடாமல் விட்ட சாயத்தொட்டியில் காலையில் கசடு அடியில் கிடப்பதை நாற்பது வருஷமாகப் பார்க்கிறவர். தொட்டிக்குள் தெரிந்தது வாய்க்காலுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவருக்கும் ஒரு பயம் இருந்தது. நாற்றம் தாங்கவில்லை, தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு வேறெங்காவது போங்கள் என்று தெருவார் இரண்டு முறை வாசலில் வந்து கத்திவிட்டுப் போயிருந்தார்கள். துணிக் கணக்கைப் பிறகு பார்ப்போம், முதலில் களத்துக்குப் பின்னால் கிடக்கிற பள்ளத்தை வந்து பார் என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டம்தான். சாயக்காரர்கள் பத்துப் பேர், தோணிரேவுப் பெண்கள் பன்னிரண்டு பேர். பெண்கள் முதலில் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். சேற்றில் கையை விட்டு நிற்கிற செல்வம்மாளைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இடுப்பில் கை வைத்து நிற்பது? அடுத்த வருஷச் சிப்பி யார் தலையில் விழுமோ என்ற எண்ணமும் எல்லாருக்கும் இருந்தது. வாய்க்கால் முகப்பில் பனைமட்டைகளை நெருக்கி நட்டுக் கந்தலையும் சக்கையையும் நிறுத்தினார்கள். அதைத் தாண்டி ஒரு குழி, நீளமாக, அகலமாக, வருகிற தண்ணீர் ஓட்டத்தை மறந்து தூங்கிப் போகிற மாதிரி. குழியின் கடைசியில் ஒரு பனம்பலகையைக் குறுக்கே தொங்கவிட்டார்கள். எண்ணெய் மிதந்து வந்து பலகையில் முட்டி நிற்கும், தண்ணீர் அடியால் நுழைந்து அடுத்த குழிக்குப் போகும். அது உலகநாதன் யோசனை. கறி கொதிக்கும்போது எண்ணெய் மேலே நிற்பதைப் பார்த்து வந்த யோசனை என்று அவரே சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

மூன்றாம் குழி தோண்டுகிற அன்று திருவேங்கடம் மண்வெட்டியோடு வந்தான். பொழுது சாய்கிற வரை தோண்டிவிட்டுப் போனான். மறுநாளும் வந்தான். செல்வம்மாள் அவன் பக்கத்தில் கூடையை நகர்த்தி வைத்தாள்.

மார்கழி பிறந்த இரண்டாம் நாள் மூன்றாம் குழியிலிருந்து தண்ணீர் வெளியே வந்தது. தெளிந்த தண்ணீர்! பெண்கள் குலவை போட்டார்கள். உலகநாதன் கையில் அள்ளி வெயிலில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். செல்வம்மாளுக்குக் கண்ணை நம்பத் தெரியாது. கண்ணுக்கு நல்லதாக இருக்கிற தண்ணீரையும் மீன் வேண்டாம் என்று விலகிப் போவதை ஏரியில் எத்தனை முறை பார்த்திருக்கிறாள். ஒரு மண்சட்டியில் அந்தத் தண்ணீரை மொண்டு, ஏரியில் பிடித்து வந்த பத்து இறால் குஞ்சை விட்டாள். வெயில் ஏறுவதற்குள் பத்தும் வெளுத்து மல்லாந்துவிட்டன.

அன்று மண்சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அழுதாள். தெளிந்ததும் செத்த தண்ணீர்தான் என்றால் இனி எதைச் செய்வது? தைப் பௌர்ணமிக்கு நாற்பது நாள்கூட இல்லை.

மூன்றாம் நாள் எழுந்துவிட்டாள். தண்ணீரை நிற்க வைத்தாயிற்று, இனி ஏதாவது ஒன்றில் புகுந்து புறப்பட்டு வரட்டும் என்று கிளிஞ்சல் கேட்டாள். சுண்ணாம்புக்குளத்தில் சுண்ணாம்பு சுடுகிற சூளைக்காகக் குவித்திருந்ததைத் தோணியில் ஏற்றி வந்தார்கள், போதாததற்குப் பெண்கள் ஏரியிலும் பொறுக்கினார்கள். மூன்றாம் குழிக்கும் ஏரிக்கும் நடுவில் இடுப்பளவு பள்ளம் வெட்டி, நெடுக கிளிஞ்சலைக் கொட்டினார்கள். இங்கேதான் அந்த ஊர்ப் பெண்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்றைச் செய்தார்கள். சூளைக்காரன் சேறும் பாசியும் ஒட்டிய கிளிஞ்சலைத் தொடமாட்டான். கழுவிக் கழுவிக் கொடுத்தே பழகிய கை. ஏரியில் பொறுக்கிய ஒவ்வொரு கூடையையும் மூன்று தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்து, பளபளவென்று பள்ளத்தில் கொட்டினார்கள். கடைசி நாள் மழை பிடித்துக்கொண்டது. யாருக்கும் உடம்பில் தெம்பில்லை. கடைக்கோடியில் போட வேண்டிய எட்டுக் கூடையை மட்டும் கழுவாமல், பாசியோடு வழவழவென்று இருந்தபடியே கவிழ்த்துவிட்டு, பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு ஓடிவிட்டார்கள்.

தண்ணீர் விட்டாள். பள்ளத்தின் நடுவில் மொண்ட சட்டியில் குஞ்சு விட்டாள். இந்த முறை மத்தியானம் வரை இருந்தன, பிறகு செத்தன. பத்து நாள் கழித்தும் அதே கதை. செல்வம்மாள் பள்ளம் நெடுக நடந்து, இரண்டு முழத்துக்கு ஒரு முறை குனிந்து, தண்ணீரைக் கையில் அள்ளி மோந்து பார்த்துக்கொண்டே போனாள். தெருநாய் மாதிரி என்ன மோப்பம் பிடிக்கிறாய் என்று ஒருத்தி கேலி செய்தாள். நெடுக ஒரே நாற்றம். கடைக்கோடிக்கு வந்ததும் அவள் மூக்கு நின்றது. அந்த இடத்தில் அள்ளிய தண்ணீரில் ஏரி வாசனை அடித்தது.

கையை விட்டுக் கிளிஞ்சலைத் தொட்டாள். வழவழப்பு. போட்டதைவிட இப்போது இரண்டு பங்கு கனம். பக்கத்தில் கழுவிப் போட்ட கிளிஞ்சலின் மேலும் அந்த வழவழப்பு மெல்லப் பரவ ஆரம்பித்திருந்தது. அவள் அங்கேயே ஒரு சட்டியில் மொண்டு குஞ்சை விட்டாள். பொழுது சாய்ந்தது, குஞ்சுகள் துள்ளின. விடிந்து வந்து பார்த்தாள், பத்தில் ஒன்பது துள்ளின.

"இந்த வழவழப்புதான் அழுக்கத் துண்ணுது" என்று சாயக்காரத் தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள். "நாம கழுவிக் கழுவி அத்த பட்னி போட்டுக்கினு இருந்தோம்."

சந்தோஷமா, ஆத்திரமா என்று சொல்ல முடியாத ஒரு வேகம் வந்துவிட்டது அவளுக்கு. ஏரியில் நட்டு மறந்த பழைய கழிகளைச் சுற்றிப் பாசி பிடித்துக் கிடந்த கிளிஞ்சலையெல்லாம் அள்ளி வரச் சொன்னாள். பள்ளத்தில் நாலு முழத்துக்கு ஒரு கூடை, கழுவாமல், வெயில் படாமல். ஒரு சொட்டு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினாலும் கையை ஒடிப்பேன் என்றாள். கடைசியில் கோரையை வேரோடு பெயர்த்து வந்து பள்ளம் ஏரியில் சேர்கிற வாயில் நட்டார்கள். வழவழப்பு நாளுக்கு நாள் மேலே ஏறி வந்தது. அவளும் தினம் இரண்டு முறை கை விட்டுப் பார்த்து, இன்றைக்கு இவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று திருவேங்கடத்திடம் சொல்லுவாள். அவன் ம் என்பான். கப்பலைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

முதல் குழி அதற்குள் நிரம்பிவிட்டது. அள்ளாவிட்டால் கசடு அடுத்த குழிக்கு வழியும் என்று உலகநாதன் பதறினார். அள்ளி எங்கே கொட்டுவது? சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் நெல் போடுகிற ராஜவேலு, சாணியும் சக்கையும் மக்கிக் கிடக்கிறதைக் கேள்விப்பட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். காயவைத்து வயலில் போடுவேன், இனி நிரம்புகிற போதெல்லாம் எனக்கே என்று வாக்கு வாங்கிக்கொண்டு போனார். வேண்டாம் என்று ஏரிக்குத் தள்ளிவிட்டதற்கு ஒருவர் வண்டி கட்டி வருகிறாரே என்று எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தை பிறந்தது. முகத்துவாரத்தில் கடல் நன்றாக ஏறி இறங்கியது. ஏறுகிற தண்ணீரும் இறங்குகிற தண்ணீரும் சேர்ந்து வாய்க்கால் பாட்டின் கரிய சேற்றை நாளுக்குக் கொஞ்சமாக இழுத்துப் போயின. வண்டல் கலைந்து மணல் தெரிந்தது. ஆனால் இறால்? சட்டியில் பிழைப்பது வேறு, தானாக வருவது வேறு. கூப்பிட்டால் வருகிற ஜாதியா அது?

பௌர்ணமி அன்று விடியலில் திருவேங்கடம் கழி நட்டுக் கட்டியிருந்த வலையை இழுக்கப் போனான். செல்வம்மாள் கூடவே இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். தோணிரேவு மொத்தமும் கரையில் நின்றது. உலகநாதன் களத்து ஆட்களோடு வந்திருந்தார். சின்னப்பனின் படகும் வந்துவிட்டது. கப்பலுக்குப் போகிற ஐந்து பேர் மூட்டையோடு அதில் உட்கார்ந்திருந்தார்கள். ஆறாவது ஆளுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

வலை கனமாக வரவில்லை. இழுக்க இழுக்க லேசாகத்தான் வந்தது. செல்வம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். வலையின் அடி மேலே வந்ததும் அதற்குள் ஏதோ படபடவென்று அடித்தது. இறால்! விரல் நீளம், கண்ணாடி மாதிரி உடம்பு, மீசை நீட்டிக்கொண்டு, அத்தனையும் உயிரோடு. கரையில் இருந்தவர்கள் ஓவென்று கூச்சல் போட்டார்கள். தசரதன் தோள் துண்டை எடுத்துச் சுழற்றினார். அந்த இடத்தில் உயிருள்ள இறாலைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

திருவேங்கடம் எண்ணினான். இருபத்தேழு.

இருபத்தேழு இறால் ஒரு வீட்டுக்கு ஒரு வேளைக் குழம்பு. அதை வைத்துக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்ட முடியாது. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். படகிலிருந்து சின்னப்பன், தண்ணீர் இறங்குகிறது, வருகிறாயா இல்லையா என்று குரல் கொடுத்தான். செல்வம்மாள் வாயைத் திறக்கவில்லை. வாக்குக் கொடுத்தவள். இரண்டு கையாலும் வலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் கொட்டுகிற தண்ணீரைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல் நின்றாள்.

திருவேங்கடம் வலைக்குள் கையை விட்டு ஒரு இறாலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு வலையின் வாயை ஏரிப் பக்கம் திருப்பி, அடியைத் தூக்கி உதறினான். இருபத்தேழும் தண்ணீரில் விழுந்து ஓடிவிட்டன. கரையில் இருந்தவர்கள் பதறிப் போனார்கள். இவனுக்குப் பைத்தியமா என்று தசரதன் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாய்யா பண்ண?" என்றாள் செல்வம்மாள். வாக்கு அங்கே உடைந்துவிட்டது.

"இப்பதான குடி வந்துக்குதுங்க" என்றான் அவன். "வந்தவுடனே புடிச்சித் துண்ணா அப்பறம் எது வரும்? பங்குனி வரிக்கும் இருந்து குஞ்சு பொரிக்கட்டும். அதுவரிக்கும் தசரதன் அண்ணன் வலைய இழுத்துக் கூலி வாங்கிக்கிறேன். பங்குனிக்கு ஒரு புது வலை முடிஞ்சி வை, இது கிழிஞ்சி போச்சி."

சொல்லிவிட்டுச் சின்னப்பனைப் பார்த்து, போய்வா என்று கையை ஆட்டினான். செல்வம்மாள் அந்தக் கிழிந்த வலையோடு அவனைக் கட்டிக்கொண்டு, ஊர் பார்க்கிறதே என்ற வெட்கம் துளியும் இல்லாமல், வாய்விட்டு அழுதாள். சின்னப்பனின் படகு ஐந்து பேரோடு முகத்துவாரத்தைப் பார்த்துப் போயிற்று.